மேல்கொல்லை ஏறும் ஜீப்

நிசார் அஹமதுவின் பட்டறையில் நிற்கும்போது அந்த ஜீப்புக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை. சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும். அதை நிரூபிப்பதற்காக நிசார், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்கு மேலே, பானெட்டின் மீது முழு டீ கிளாஸ் ஒன்றை வைத்தார். டீயில் சின்ன வளையங்கள் நடுங்கின. ஒரு சொட்டும் வெளியே வரவில்லை.

"பாத்துக்கோ தங்கச்சி. இதுக்கு மேல ஸ்லோ ஸ்பீடு செட் பண்ண ஆம்பூர்ல ஆள் கிடையாது."

"பட்டறையில அது நல்லாதான் இருக்கும் பாய்," என்றாள் ஜாஸ்மின். "ஆட்டுப்பாறையிலதான் அதுக்கு உயிர் போவுது."

ஜீப் ஜாஸ்மினுடையது. ராணுவ ஏலத்தில் வந்து நான்கைந்து கை மாறிய பெட்ரோல் வண்டி. அவளைவிட வயதில் மூத்தது. மலைமேல் இருக்கும் மேல்கொல்லைக்குப் பாதி தூரம்தான் தார்ச்சாலை. ஆட்டுப்பாறைத் திருப்பத்துக்கு மேலே கல்லும் மழைநீர் அரித்த பள்ளமும்தான். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியைத் தவிர எதுவும் அங்கே ஏறாது. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றிலிருந்து வெட்டிய தோல் துண்டுகளை ஜாஸ்மின் மேலே கொண்டுபோவாள். ஊர்ப் பெண்கள் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்து வைப்பார்கள். தைத்ததை அட்டைப்பெட்டிகளில் கட்டிக் கீழே கொண்டுவருவாள். மூன்று வருடமாக இதுதான் அவள் தொழில். அதற்கு முன்பு மேல்கொல்லைப் பெண்களில் பாதிப் பேர் வருடத்தில் பல மாதம் கர்நாடகக் காப்பித் தோட்டங்களில் இருப்பார்கள். இப்போது ஊரில் இருக்கிறார்கள்.

மாசி மாதத்திலிருந்து ஜீப் மலையில் நிற்க ஆரம்பித்தது. இரண்டு முறை சரக்கு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமை கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜர் வேதாசலம் அவளைக் கூப்பிட்டுப் பேசினார்.

"சனிக்கிழமை மூணு மணிக்கு கன்டெய்னர் கிளம்புதும்மா. மேல்கொல்லை மால் அதுக்குள்ள வந்தாவணும். வரலன்னா அடுத்த லாட்லேர்ந்து பள்ளிகொண்டா பக்கம் குடுத்துர்றேன். உன் மேல கோவம் இல்ல. உன் வண்டி மேலதான் நம்பிக்கை இல்ல."

அந்த வார்த்தையை அப்படியே நிசாரிடம் சொன்னாள். நிசாருக்கு அது தன்னைச் சொன்ன மாதிரி இருந்தது. இந்த இரண்டு மாதத்தில் அவர் செய்யாத வைத்தியம் இல்லை. முதலில் சோக் ஒட்டிக்கொள்கிறது என்றார், அதை மாற்றினார். வெயிலில் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகிவிடுகிறது என்று பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டு போகச் சொன்னார். துணி காய்ந்ததுதான் மிச்சம். பெட்ரோலில் எத்தனால் ஜாஸ்தி கலக்கிறார்கள், பழைய வண்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வாரம் அரசாங்கத்தைத் திட்டினார். டேங்கைக் கழற்றிக் கழுவினார், துரு ஒன்றும் பெரிதாக வரவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசியில் கார்ப்பரேட்டரைத் திறந்து, கம்ப்ரஷர் காற்றால் ஊதி, திரும்ப மாட்டி, பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை வைக்கிற மிக்சர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று விட்டு, காதைச் சாய்த்துக் கேட்டு வைப்பார். அதற்குப் பிறகு ஜீப் ஒரு நடை, இரண்டு நடை ஒழுங்காக மலையேறும். மூன்றாவதில் நின்றுவிடும்.

"எத்தனையோ பேர் சொல்லிட்டாங்க, பேஜாரு வேணாம், டீசல் எஞ்சின் ஏத்திடுன்னு," என்றாள் ஜாஸ்மின். "அது ஆவட்டும் பாய், பாத்துக்கலாம். இந்த சனிக்கிழமைக்கு என்ன பண்றது?"

நிசார் டீ கிளாஸை எடுத்து, ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

"வியாதி வீட்ல ஒண்ணு சொல்லுது, ஆஸ்பத்திரியில ஒண்ணு சொல்லுது. நான் வீட்டுக்கே வர்றேன். சனிக்கிழமை காலையில என்னையும் ஏத்திக்கோ."

சனிக்கிழமை காலை ஜீப்பில் மூன்று பேர் இருந்தார்கள். ஜாஸ்மின் ஓட்டினாள். பக்கத்தில் நிசார். பின்னால், காலிப் பெட்டிகளுக்கு நடுவில், அவள் கணவன் ஆல்வின். வேறொரு ஷூ கம்பெனியில் தோல் ஒட்டும் பிரிவில் சூப்பர்வைசர். போன முறை ஜாஸ்மின் தனியாக மழையில் மாட்டிக்கொண்டதிலிருந்து அவன் மனசு கேட்கவில்லை, லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அவனும் நிசாரும் பத்தாவது வரை ஒரே பெஞ்ச்.

பாலாற்றுப் பாலம் தாண்டி, தோல் தொழிற்சாலைகளின் வாடை பின்தங்கி, மாந்தோப்புகள் ஆரம்பித்தன. ஜீப் ஒழுங்காக ஓடியது.

"பெட்ரோல் வாசனையே இல்லையே வண்டியில," என்றார் நிசார். "முன்னெல்லாம் உக்காந்தா தலை சுத்தும்."

"அது நம்ம வேலை," என்றான் ஆல்வின் பின்னாலிருந்து. "பொங்கலப்போ டேங்க் பக்கம் பைப்பு கசிஞ்சுது. நீ வாணியம்பாடி கல்யாணத்துல பிரியாணி துன்னுனு இருந்த. நானே படுத்துப் பாத்து சரி பண்ணேன். இன்னிக்கி வரைக்கும் ஒரு சொட்டு கசியல."

"மெக்கானிக் ஆயிட்டியா தோஸ்து. என் பட்டறைய எழுதிக் குடுத்துர்றேன், நீ பாத்துக்கோ."

"குடுத்தா இப்படி ரெண்டு மாசம் இழுக்க மாட்டேன்."

ஜாஸ்மின் சிரித்தாள். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

தார்ச்சாலை முடிந்தது. அவள் நான்கு சக்கர கியரைப் போட்டாள். வண்டி முனகிக்கொண்டே மேலே ஏறியது. வலப்பக்கம் சரிவு, இடப்பக்கம் ஆடுகள் ஏறி நிற்கிற வழுக்குப் பாறை. திருப்பத்துக்கு முன்னால் அவள் சொன்னாள்: "இங்கதான் பாய். கேளுங்க."

ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தாள். எஞ்சின் ஒருமுறை வேகம் எடுக்கப் பார்த்தது, மூச்சு வாங்கியது, கார்ப்பரேட்டர் வழியாகத் தும்மியது. பிறகு நின்றுபோனது. அவள் ஹேண்ட் பிரேக்கை இழுப்பதற்குள் ஆல்வின் குதித்து பின்சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்திருந்தான். கல்லைத் தேடவே இல்லை. போன முறை ஜாஸ்மின் வைத்த கல் அங்கேயே கிடந்தது.

நிசார் பானெட்டைத் திறந்தார். ப்ளக் வயரைக் கழற்றிப் பார்த்தார். பொறி நன்றாக இருந்தது. பம்பிலிருந்து பெட்ரோல் வந்தது. கார்ப்பரேட்டரின் கிண்ணத்திலும் பெட்ரோல் இருந்தது. வந்த பெட்ரோல் உள்ளே போக வேண்டிய அளவுக்குப் போகவில்லை. அவ்வளவுதான் மிச்சமிருந்த சந்தேகம். கிண்ணத்தைத் திறந்து மெயின் ஜெட்டைக் கழற்றினார். பித்தளையில் செய்த, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய திருகு. அதன் நடுவில் ஒரு நுண்ணிய ஓட்டை. எஞ்சினுக்குப் போகிற பெட்ரோலை அந்த ஓட்டைதான் அளந்து விடுகிறது.

வழக்கம்போல ஊத வேண்டியதுதான் என்று கை காற்றுக் குழாயைத் தேடியது. மலையில் கம்ப்ரஷர் ஏது? வாயால் ஊதினார். போகவில்லை. ஜெட்டை வெயிலில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஓட்டை வட்டமாக இல்லை, பிறை மாதிரி இருந்தது.

"ஊசி இருக்குதா?" என்றான் ஆல்வின்.

"ஊசி விட்டா ஓட்டை பெருசாயிடும். அப்புறம் வண்டி பெட்ரோல துன்னுடும்."

ஜாஸ்மின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தாள். ஷூ தைக்கிற மெழுகு நூல். அதன் நுனியைப் பல்லால் கடித்து, விரலால் முறுக்கிக் கூராக்கினாள். மேல்கொல்லைப் பெண்களோடு உட்கார்ந்து எத்தனையோ தடவை செய்த வேலை. நிசார் ஜெட்டைப் பிடித்துக்கொள்ள, அவள் நூலை ஓட்டைக்குள் விட்டு மறுபுறம் இழுத்தாள்.

நூலோடு ஏதோ ஒன்று வந்தது. தேன் நிறத்தில், மெல்லிய படலமாக. ஜெட்டிலிருந்து நூலைப் பிரிக்கும்போது அது அறுந்துவிடாமல் நீண்டது.

"இன்னாது இது?" நிசார் குனிந்து பார்த்தார். "தூசி இப்படி இழுக்காதே. எத்தனால்தான் இப்படி பிசினாவுதோ?"

ஜாஸ்மின் அதை நூலிலிருந்து வழித்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். யோசித்துச் செய்யவில்லை, விரல்கள் தாமாகவே செய்தன. அந்தப் படலம் சுருண்டு சின்ன உருண்டையானது. இன்னும் தேய்த்தாள். கடுகளவு உருண்டை, கையில் ஒட்டாமல், அமுக்கினால் எழும்பியது.

கல்யாணத்துக்கு முன்னால் அவளும் ஆல்வின் வேலை செய்யும் கம்பெனியில்தான் இருந்தாள். ஒட்டிய தோலின் ஓரத்தில் வழியும் பசையைத் தேய்த்து எடுக்கும் மேசையில் நான்கு வருடம். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போதுகூட விரலிடுக்கிலிருந்து இந்த உருண்டைகள் உதிரும்.

"பாய், இது சொல்யூஷன்," என்றாள். "ஷூ ஒட்டுற ரப்பர் சொல்யூஷன்."

"ஷூ ஒட்டுறது கார்ப்பரேட்டர்ல எப்படி..." என்று ஆரம்பித்த நிசார் நிறுத்திக்கொண்டார். இரண்டு பேரும் ஆல்வினைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆல்வின் அந்த உருண்டையை அவள் விரலிலிருந்து வாங்கி, தானும் ஒருமுறை தேய்த்துப் பார்த்தான். பிறகு ஜீப்பின் பின்பக்கம் போய், தரையில் படுத்து, டேங்குக்கு அடியில் நகர்ந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"பைப்பு முனையில கொஞ்சம் தடவித்தான் மாட்டினேன்," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "உள்ள வரைக்கும்."

"எவ்ளோ கொஞ்சம்?" என்றார் நிசார்.

"நல்லா ஒட்டணும்னு... ரெண்டு கோட்டிங்."

"டேய்."

"அது தண்ணியில ஊறப் போட்டாலும் விடாதுடா. நாங்க டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புறோம்."

"தண்ணியில விடாது. உங்க கம்பெனியில அது டப்பாவுல கெட்டியாப் போனா எத ஊத்தி இளக்குவீங்க?"

ஜீப்புக்கு அடியில் இணைப்பு கழன்று வரும் சத்தம் கேட்டது.

"தின்னர்," என்றான் ஆல்வின்.

"தின்னர்னா?"

"பெட்ரோல் மாதிரிதான்."

நிசார் பாறையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் தோள்தான் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது. ஜாஸ்மினுக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. சூரியன் பாறைக்கு மேலே வந்துவிட்டிருந்தது.

"அப்ப ஏன் பாய் தரையில ஓடுது? ஏன் க்ளீன் பண்ணா ரெண்டு நடை நல்லாப் போவுது?"

நிசார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெட்டைக் காட்டினார். "தரையில ஓட இதுல பாதி ஓட்டை போதும். ஏத்தத்துல முழுசும் வேணும். பெட்ரோலு போறப்போ சொல்யூஷன கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு இழுத்துனு வருது. கரைஞ்சு வர்றதால ஃபில்டர்ல நிக்காது. நீ மேல வண்டிய நிறுத்தி சரக்கு ஏத்துறப்போ சூட்டுல பெட்ரோல் ஆவியாயிடுது, இது மட்டும் கீழ தங்கிக் காயுது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு கோட்டிங்." ஜெட்டைக் கையில் உருட்டினார். "நான் வேற ஒவ்வொரு தடவையும் கம்ப்ரஷர வெச்சு ஊதி அனுப்பினேன். ஊதினா போயிடுச்சுன்னு விட்டேன். என்ன போச்சுன்னு ஒரு தடவகூட பாக்கல. இவன மட்டும் சொல்ல முடியாது."

ஆல்வின் வெளியே வந்தான். சட்டை முதுகெல்லாம் மண். கையில் அந்த இணைப்பு. கசிந்த இடத்தில் ரப்பர் குழாயைப் பைப்பின்மேல் ஏற்றி, அதற்கு வெளியே பழுப்புத் தோல் ஒன்றைச் சுற்றி, ஓரங்களை உள்ளே மடித்து, நெருக்கமாகக் கைத்தையல் போட்டிருந்தான். விலையுயர்ந்த ஷூவில் இருப்பது போன்ற தையல். வெளியே பார்த்தால் குறை சொல்ல முடியாது. உள்விளிம்பை விரலால் தொட்டால் பசை குழகுழவென்று இருந்தது.

"அழகாத்தான் பண்ணியிருக்க," என்றார் நிசார். "காலுக்குப் போட்டிருந்தா பத்து வருஷம் உழைக்கும்."

"ஏங்க," என்றாள் ஜாஸ்மின் கணவனிடம், குரலை ஏற்றாமல். "மேல கமலக்கா பொட்டி கட்டி வெச்சினு உக்காந்திருக்கும். மூணு மணிக்கு கன்டெய்னர். இப்ப இன்னா பண்ணலாம், அத மட்டும் சொல்லுங்க."

பசை தோய்ந்த குழாயை வெட்டி எறிந்தால் மிச்சக் குழாய் எட்டாது. கீழே போய் வாங்கி வர நேரமில்லை. நிசார் தன் பையைக் கொட்டினார். பெட்ரோல் உறிஞ்சி எடுக்க வைத்திருக்கும் புதுக் குழாய் ஒன்று இருந்தது; அது டேங்க் பைப்பின்மேல் ஏறாத அளவு மெல்லிசு, நீளமும் எஞ்சின் வரை வராது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஜீப்பை ஒருமுறை சுற்றி வந்தார். முன்சீட்டில் கிடந்த தண்ணீர் கேனில் பார்வை நின்றது.

"டேங்கு வேணாம், பம்பும் வேணாம்," என்றார். "உயரத்துலேர்ந்து விட்டா பெட்ரோலு தானா எறங்கும்."

தண்ணீரை எல்லோரும் குடித்து, மிச்சத்தைக் கொட்டி, கேனை வெயிலில் காயவைத்தார்கள். டேங்கில் இருந்த பெட்ரோல் சுத்தம். பசை அதற்கு அப்புறம்தான். அதிலிருந்து கேனை நிரப்பினார்கள். மூடியில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகி, மறுமுனையைக் கண்ணாடிக்கு முன்னால் பானெட் இடுக்கு வழியாக நேரே கார்ப்பரேட்டரில் மாட்டினார் நிசார். கேனை எங்கே கட்டுவது என்பதுதான் மிச்சம். கண்ணாடிச் சட்டத்தில் கட்டிப் பார்த்தார்கள். குலுங்கினால் விழுந்துவிடும் போலிருந்தது.

"நான் புடிச்சிக்கிறேன்," என்றான் ஆல்வின்.

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நிசார் ஜெட்டை மாட்டி, கிண்ணத்தை மூடினார். ஜாஸ்மின் ஸ்டார்ட் செய்ததும் மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே திருகி, மெதுவாக வெளியே விட்டார். பட்டறையில் வைத்த அளவுக்கு எஞ்சின் இங்கே கரகரத்தது. கால் சுற்றுக்கும் குறைவாக உள்ளே கொடுத்தார். சத்தம் சீரானது. ஜாஸ்மினைப் பார்த்தார். அவள் இன்னும் கொஞ்சம் என்று தலையசைத்தாள். இந்த எஞ்சினைத் தினமும் கேட்கிறவள் அவள்தான். இன்னும் ஒரு மயிரிழை திருப்பினார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கல்ல எடுங்க பாய். இனிமே அங்க கல்லு வேணாம், சரிவுல தள்ளிடுங்க."

நிசார் கல்லைத் தள்ளிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார்.

ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தாள். ஜீப் ஒருமுறை அதிர்ந்து, ஆட்டுப்பாறைத் திருப்பத்தைத் திரும்பி, கற்கள் தெறிக்க மேலே ஏறியது. பக்கத்தில் ஆல்வின் கேனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் சட்டத்தைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பள்ளம் வரும்போதெல்லாம் பின்னாலிருந்து நிசார், "கை கீழ வருது, தூக்குடா, தூக்குடா," என்று கத்திக்கொண்டே வந்தார்.

மேல்கொல்லையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. கமலம் அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். தையல் பெண்களுக்கெல்லாம் அவள்தான் மூத்தவள். வேலையைப் பங்கு பிரிப்பதும் சரிபார்ப்பதும் அவள் பொறுப்பு.

"வண்டி நிக்கிற சத்தம் கேட்டுச்சு," என்றாள் ஜாஸ்மினிடம். "அப்புறம் சத்தமே இல்ல. தூக்கினு எறங்கிடலாம்னு பேசினு இருந்தோம். தலைக்கு ரெண்டு பொட்டி."

"தூக்கினு வந்திருப்பீங்களா?"

"வராம? காப்பித் தோட்டத்துக்கு மறுபடி மூட்ட கட்டுறதுக்கு இது சுளுவு."

ஜாஸ்மின் முதல் பெட்டியைத் தூக்கினாள். பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கொடுத்தார்கள். எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று நிசார் சொல்லிவிட்டதால் ஆல்வின் கேனோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். சின்னப் பெண்கள் இரண்டு பேர் அவனைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

கமலத்தின் கண் டாஷ்போர்டில் கிடந்த தோல் இணைப்பில் பட்டது. எடுத்துத் தையலை நகத்தால் நெருடிப் பார்த்தாள்.

"யாரு தெச்சது?"

"எங்க வூட்டுக்காரரு."

கமலம் ஆல்வினை மேலும் கீழும் பார்த்தாள். "தையலு நல்லாருக்குது. வேலை போச்சுன்னா இங்க வந்து உக்காரச் சொல்லு. ஆம்பளைங்களுக்கும் குடுப்போம்."

இறக்கத்தில் ஜீப் ஒருமுறைகூடத் தும்மவில்லை. மாந்தோப்புக்கு வந்தபோது ஆல்வினும் நிசாரும் இடம் மாறிக்கொண்டார்கள். பாலாற்றுப் பாலத்தில் திரும்பவும் ஆல்வினே வாங்கிக்கொண்டான். பஜார் தெருவில் நெரிசல். பிரியாணிக் கடை வாசலில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலாயுதம் குச்சியை நீட்டி நிறுத்தினார். கேனைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், அது போய்ச் சேரும் பானெட்டைப் பார்த்தார்.

"இன்னாம்மா, வண்டிக்கு ட்ரிப்ஸ் ஏத்தினு வர்றீங்களா?"

"ஆமாண்ணே. டிஸ்சார்ஜ் ஆயிடும் நாளைக்கு. கேட்ட தொறங்க."

உள்ளே கன்டெய்னரின் ஒரு கதவு மூடியிருந்தது, இன்னொன்று திறந்திருந்தது. வேதாசலம் படியில் நின்றிருந்தார். ஜாஸ்மின் ஜீப்பைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் ஒட்டி நிறுத்தினாள். ஆட்கள் பெட்டிகளை இறக்க ஆரம்பித்தார்கள். வேதாசலம் ஒரு பெட்டியைப் பிரித்து, இரண்டு ஜோடியை எடுத்துத் தையலை மடக்கிப் பார்த்தார். பிறகு ஜீப்பைப் பார்த்தார்.

"வண்டிக்கு இன்னா வியாதின்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார். சொன்னா சிரிப்பீங்க."

"சொல்லு."

"பசை சார். நம்ம ஊரு வியாதிதான்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கட்டிங் செக்‌ஷன் பக்கம் திரும்பி, மேல்கொல்லைக்குச் செவ்வாய்க்கிழமை லாட்டைப் பிரித்து வைக்கச் சொன்னார். ஜாஸ்மின் அதைக் கேட்டுக்கொண்டே எஞ்சினை அணைத்தாள்.

"போதும், கீழ வைங்க," என்றாள் ஆல்வினிடம்.

ஆல்வின் கேனை இறக்கினான். கை மட்டும் இறங்காமல் கொஞ்ச நேரம் மேலேயே நின்றது. நிசார் அதைப் பிடித்து, ஹேண்ட் பிரேக்கை இறக்குவது மாதிரி மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.

திங்கட்கிழமை புதுக் குழாய் வந்தது. இரண்டு கிளிப் போட்டு மாட்டினார் நிசார். ஆல்வின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். அவன் கையில் எதையும் கொடுக்க நிசார் மறுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஜாஸ்மின் தனியாகப் போனாள். ஆட்டுப்பாறைக்கு முன்னால் பழக்கத்தில் கால் தானாகத் தளர்ந்தது, கை ஹேண்ட் பிரேக்கின் பக்கம் போனது. எஞ்சின் சத்தம் மாறவில்லை. அவள் கையை ஸ்டீயரிங்குக்குக் கொண்டுவந்து, முழுதாக மிதித்தாள்.

மேலே கமலம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது நிற்குமா என்று பெண்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள். சத்தம் திருப்பத்தைத் தாண்டி மேலே வந்தது. கமலம் மெழுகு நூல்கண்டைப் பிரித்து, ஆளுக்கு ஒரு முழமாக அளந்து வெட்ட ஆரம்பித்தாள்.